பன்றியின் கொழுப்பும் இறைச்சித் தரமும்: பரம்பரை எவ்வளவு, தீன் எவ்வளவு? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் பன்றி வளர்ப்பவர்களும் இறைச்சிக்கு அடிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறோம். இலகுவானவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வியின் இலக்கத்தைக் காட்டியிருக்கிறோம்.

1. பன்றிக் கொழுப்பு எண்டால் எல்லாம் ஒரே கொழுப்புத்தானே? ஏன் வகை பிரிக்கிறியள்?

ஒரே கொழுப்பில்லை. தோலுக்குக் கீழே படையாக இருப்பது முதுகுக் கொழுப்பு. சிறுநீரகத்தையும் குடலையும் சுற்றி இருப்பது வயிற்றுக் கொழுப்பு. நெய் உருக்க எடுப்பது பெரும்பாலும் அதைத்தான். தசைக்கும் தசைக்கும் இடையில் பட்டையாக ஓடுவது மூன்றாவது. நாலாவது, தசைக்கு உள்ளேயே நார்களுக்கிடையில் மெல்லிய வெள்ளை இழைகளாகச் சிதறிக் கிடப்பது. அதை இங்கே உட்கொழுப்பு என்போம்.

"கொழுப்புக் கூட" என்று வாங்குபவர் முகம் சுளிப்பது முதல் மூன்றையும் பார்த்து. "இறைச்சி சக்கை மாதிரிக் கிடக்கு" என்று அதே ஆள் குறை சொல்வது நாலாவது போதாததால். உட்கொழுப்பு, இறைச்சியின் எடையில் 1.5 சதவீதத்துக்குக் கீழே போனால் கறி வறண்டு நாராகும். 2.5 முதல் 3 சதவீதம் வரை இருந்தால் மெதுமையாக வரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பாதிச் சந்தேகங்களுக்குக் காரணம்.

2. கொழுப்பு வைக்கிறது சாப்பாட்டாலையோ, சாதியாலையோ? ஒரு முடிவாச் சொல்லுங்கோ.

இரண்டாலும்தான், ஆனால் கணக்கு இருக்கிறது. ஒரே கொட்டிலில் ஒரே தீனில் வளர்ந்த பன்றிகளுக்குள்ளேயும் முதுகுக் கொழுப்பு ஒன்றுக்கொன்று வேறுபடும். அந்த வேறுபாட்டில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் தாய் தகப்பனிடமிருந்து வருவது. உட்கொழுப்பிலும் ஏறத்தாழ பாதி அப்படித்தான். ஒரு ஈற்றில் எத்தனை குட்டி என்பதிலோ பரம்பரையின் பங்கு 10 சதவீதமளவுதான். ஆகவே குட்டி கூட வேண்டும் என்றால் பராமரிப்பில் கை வையுங்கள். கொழுப்பை மாற்ற வேண்டும் என்றால் கடுவனை (ஆண் பன்றியை) தேர்வதில் கை வையுங்கள்.

இறைச்சி தண்ணீர் விடுவது, நிறம் வெளிறுவது போன்றவற்றில் பரம்பரையின் பங்கு குறைவு, 15 முதல் 20 சதவீதமளவு. மிச்சமெல்லாம் வெயில், லொறி, வெட்டும் முறை. ஒரு விதிவிலக்கு உண்டு: ஒரே ஒரு பரம்பரையலகு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அது 10ஆம் கேள்வியில் வருகிறது.

3. எங்கட பக்கம் கிடைக்கிறதுகளில எது கொழுப்புக் குறைவு, எது ருசி?

லாஜ் வைற்றும் லான்ட்ரேஸும் வெள்ளை இனங்கள். முதுகுக் கொழுப்புக் குறைவு, குட்டி கூட, தாய்மைக் குணம் நல்லது. காது நிமிர்ந்திருந்தால் லாஜ் வைற், கண்ணை மூடித் தொங்கினால் லான்ட்ரேஸ். உட்கொழுப்பு இரண்டிலும் 1 முதல் 2 சதவீதமளவுதான். டியூரொக் செம்பழுப்பு நிறம், காது நுனி மடிந்திருக்கும். குட்டி எண்ணிக்கை வெள்ளை இனங்களைவிடக் குறைவு. உட்கொழுப்பு 3 சதவீதத்தை எட்டும், தாண்டியும் போகும். ஊர்ப் பன்றி சிறிய உடம்பு, மெதுவான வளர்ச்சி, சின்ன எடையிலேயே கொழுப்புப் பிடிக்கும். வெயிலையும் தரங்குறைந்த தீனையும் தாங்கும்.

உலகத்தில் பல இடங்களில் செய்வது இதுதான்: லாஜ் வைற்றையும் லான்ட்ரேஸையும் கலந்து தாய்ப் பன்றி எடுக்கிறார்கள், அதற்கு டியூரொக் கடுவன் விடுகிறார்கள், வரும் குட்டிகள் முழுவதையும் இறைச்சிக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குட்டிகளில் ஒன்றைத் தாய்க்கு வைத்துக்கொள்ள ஆசை வரும், பார்வைக்கும் நல்லாய் இருக்கும். வைக்காதீர்கள். அடுத்த ஈற்றில் குட்டி எண்ணிக்கை குறையும், அளவும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போகும்.

4. கறுப்புப் பன்றிதான் ருசி, வெள்ளை சப்பெண்டு சொல்லுறாங்கள். உண்மையோ?

நிறத்துக்கும் ருசிக்கும் நேரடித் தொடர்பில்லை. வெள்ளைத் தோலைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு வேறு, உட்கொழுப்பைத் தீர்மானிப்பவை வேறு. வெள்ளை நிறம் ஆட்சியானது (ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வெளியே தெரிவது) என்பதால், பாதி ஊர்ப் பன்றி கலந்த குட்டியும் வெள்ளையாகவே பிறக்கும். அதன் இறைச்சி நிறத்தை வைத்து நீங்கள் நினைத்த மாதிரி இராது.

ஆனாலும் சொல்பவர்கள் சும்மா சொல்லவில்லை. இங்கே கறுப்பு என்றால் பெரும்பாலும் ஊர்ப் பன்றி. அது மெதுவாக வளர்ந்து, வயது முதிர்ந்து, உட்கொழுப்பு ஏறிய பிறகே வெட்டுக்கு வருகிறது. ருசி அந்த வயதிலும் கொழுப்பிலும் இருக்கிறது.

5. ஊர்ப் பெட்டைக்கு லாஜ் வைற் கடுவன் விட்டால் கலப்பு வீரியத்தில கொழுப்புக் குறையுமோ?

கொழுப்புக் குறையும், ஆனால் கலப்பு வீரியத்தால் அல்ல. கலப்பு வீரியம், அதாவது இரண்டு இனம் கலக்கும்போது குட்டி பெற்றோரின் நடுவைவிட மேலாக வருவது, வேலை செய்வது குட்டி எண்ணிக்கை, பால்குடி காலத்தில் தப்பிப் பிழைத்தல், வளர்ச்சி ஆகியவற்றில். முதுகுக் கொழுப்பிலும் உட்கொழுப்பிலும் அது கிட்டத்தட்ட இல்லை. குட்டி, தாய் தகப்பன் இரண்டுக்கும் நடுவில் நிற்கும், அவ்வளவுதான்.

நடுவில் நிற்பதே ஊர்ப் பெட்டை வைத்திருப்பவருக்குப் பெரிய முன்னேற்றம். ஆனால் கலப்புக் குட்டிகளையே ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறையில் சில தாத்தா மாதிரி, சில பாட்டி மாதிரி, எல்லா அளவிலும் வரும். ஒரே எடையில் ஒரே தரத்தில் விற்க முடியாமற் போகும்.

6. திருப்பிச் செய்தால் என்ன? வெள்ளைப் பெட்டை இருக்கு, ஊர்க் கடுவன் பக்கத்து வளவில நிக்குது.

செய்யலாம், ஆனால் தசை விடயத்தில் நட்டம். ஐஜிஎஃப்2 என்றொரு பரம்பரையலகு பன்றியின் 2ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அதன் டிஎன்ஏயில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால் தசை 3 முதல் 4 சதவீதம் கூடும், முதுகுக் கொழுப்புக் குறையும். இது 2003இல் உறுதியானது. விசித்திரம் என்னவென்றால், தகப்பனிடமிருந்து வந்த பிரதி மட்டுமே தசையில் வேலை செய்யும். தாயிடமிருந்து வந்தது இருந்தும் ஊமை.

ஆகவே நல்ல பிரதி உள்ள வெள்ளைக் கடுவனை ஊர்ப் பெட்டைக்கு விட்டால் குட்டிகளில் பலன் தெரியும். அதே நல்ல பிரதி வெள்ளைப் பெட்டையிடம் மட்டும் இருந்து, கடுவன் ஊர்ப் பன்றியாக இருந்தால், குட்டியில் இருந்தும் பயனில்லை. 3 முதல் 4 சதவீதம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் ஒரு கடுவனுக்கு வருடத்தில் பிறக்கும் குட்டிகள் அத்தனையிலும் அது பெருகும். பெட்டையை விலைபேசி வாங்குவதைவிடக் கடுவனைப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. கடுவனை வாங்கப் போனால் முதுகுக் கொழுப்பை எப்பிடி அளக்கிறது? கண்ணால பார்த்துத் தெரியுமோ?

கண் ஏமாற்றும். தடித்த பன்றி கொழுத்த பன்றி என்றில்லை; தொடை உருண்டிருப்பது தசையாலும் இருக்கலாம். அளக்கும் இடத்துக்கு பி2 என்று பெயர்: கடைசி விலா எலும்புக்கு நேராக, முதுகின் நடுக்கோட்டிலிருந்து 6.5 சென்ரிமீற்றர் பக்கமாக. அந்த இடத்தில் ஸ்கான் கருவி வைத்துப் பார்த்தால் தோலும் கொழுப்பும் சேர்ந்த தடிப்பு மில்லிமீற்றரில் வரும். கருவி உள்ள கால்நடை வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள்.

கருவி இல்லாவிட்டால் உடன்பிறப்புகளை அளக்கலாம். ஒரே ஈற்றில் பிறந்த நலமடித்த (விதை எடுத்த) சகோதரங்கள் இரண்டை 90 கிலோவில் வெட்டும்போது, நடு முதுகைப் பிளந்த இடத்தில் அடிமட்டம் வைத்து, முதல் விலா, கடைசி விலா, இடுப்பின் கடைசி முள்ளெலும்பு என மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். டென்மார்க்கில் 1907இல் சோதனை நிலையங்கள் தொடங்கி, ஒரே பெற்றோரின் பிள்ளைகளை வளர்த்து வெட்டிப் பார்த்துத்தான் தங்கள் லான்ட்ரேஸைச் சீர்படுத்தினார்கள். செலவில்லாத வழி; கொப்பியில் எழுதி வைக்கும் பொறுமை மட்டும் வேணும்.

எடை வேறாக இருந்தால் ஒப்பிடாதீர்கள். 110 கிலோப் பன்றியில் கொழுப்புக் கூட இருப்பது இயல்பு. நலமடித்ததையும் பெட்டையையும் ஒன்றாகக் கணக்கெடுக்கவும் கூடாது: அதிகக் கொழுப்பு நலமடித்ததில், அடுத்தது பெட்டை, குறைந்தது கடுவன்.

8. சரி, கொழுப்புக் குறைஞ்ச கடுவனை விட்டன். ஒரு ஈற்றில எவ்வளவு மாறும்?

கணக்கைப் பாருங்கள். உங்கள் மந்தையின் சராசரி 24 மில்லிமீற்றர். கடுவன் 16, நீங்கள் தேர்ந்த பெட்டைகள் 22. கடுவன் சராசரியைவிட 8 குறைவு, பெட்டைகள் 2 குறைவு. இரண்டின் நடு 5. அதில் 2ஆம் கேள்வியில் சொன்ன பரம்பரைப் பங்கு 45 சதவீதம் என்று வைத்தால் 2.25. குட்டிகளின் சராசரி 22 மில்லிமீற்றருக்குக் கிட்ட நிற்கும், 16க்கு அல்ல.

"16 எண்டு சொல்லித் தந்தாங்கள், குட்டியள் அப்பிடி வரேல்ல" என்று கடுவன் விற்றவரோடு சண்டைக்குப் போவோர் இதைக் கவனிக்க வேண்டும். அவர் ஏமாற்றவில்லை. குட்டிக்குப் பாதி தாயிடமிருந்து வருகிறது; கடுவனின் குறைவிலும் ஒரு பங்கு அதற்குக் கிடைத்த தீனாலும் கொட்டிலாலும் வந்தது, அது குட்டிக்குப் போகாது. இப்படியே மூன்று நாலு தலைமுறை தேர்ந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

9. முதுகுக் கொழுப்பைக் குறைச்சுக் குறைச்சுப் போனால் ருசியும் போகாதோ?

கொஞ்சம் போகும். முதுகுக் கொழுப்பும் உட்கொழுப்பும் ஒரே பக்கம் அசையும், ஆனால் கயிற்றால் கட்டியது போல் அல்ல, தொடர்பு பலவீனமானது. அதனால்தான் முதுகு மெலிந்தும் உட்கொழுப்பு நல்லாயுள்ள டியூரொக் பரம்பரை வழிகள் இருக்கின்றன. முதுகை மட்டும் பார்த்துப் பல தலைமுறை தேர்ந்தால் உட்கொழுப்பும் பின்னால் இறங்கும். வெட்டும் ஒவ்வொரு முறையும் கடைசி விலாவில் முதுகுத் தசையைக் குறுக்கே வெட்டி, வெட்டு முகத்தில் வெள்ளை இழை தெரிகிறதா என்று பாருங்கள். இழையே இல்லாத வழியிலிருந்து கடுவன் எடுக்காதீர்கள்.

கடைசி ஒன்றரை மாதத்தில் தீனின் புரதத்தைக் குறைத்தால் உட்கொழுப்பு ஏறும். ஆனால் முதுகும் சேர்ந்து தடிக்கும், வளர்ச்சியும் மந்தமாகும். நத்தாருக்குப் பங்கு போட வளர்ப்பவருக்கு இது சரி. எடைக்கு விற்பவருக்கு நட்டம்.

10. வெட்டி ஒரு மணித்தியாலத்தில இறைச்சி வெளிறி, தண்ணி ஓடுது. பிடிச்சால் மெத்தெண்டு அமுங்குது. வருத்தமோ?

வருத்தமில்லை, சாப்பிடலாம், ஆனால் எடை இழக்கும், வறுத்தால் சுருங்கும். உயிருள்ள தசையின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; குறைந்தால் அமிலம் கூடியது) 7க்குக் கிட்ட இருக்கும். வெட்டிய பின் அது மெதுவாக இறங்கி ஒரு நாளில் 5.6, 5.7இல் நிற்க வேண்டும். உடம்பு இன்னும் சுடச்சுட இருக்கும்போதே, முதல் முக்கால் மணித்தியாலத்தில் 6க்குக் கீழே விழுந்துவிட்டால், சூடும் அமிலமும் சேர்ந்து தசைப் புரதத்தைக் கெடுத்துவிடும். கெட்ட புரதத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது.

பரம்பரைக் காரணம் 6ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு விகாரம், அதாவது ஒரு பரம்பரையலகில் ஏற்பட்ட மாற்றம். தசைக்குள் கல்சியம் கட்டுப்பாடில்லாமல் பாயும். ஹலோதேன் என்ற மயக்க வாயுவைக் குட்டிக்குக் கொடுத்தால் கால் விறைத்துப்போகும் என்பதால் ஹலோதேன் பரம்பரையலகு என்ற பெயர் வந்தது. விகாரம் எது என்று 1991இல் கண்டுபிடித்தார்கள். இரண்டு பிரதியும் கெட்டதாக உள்ள பன்றி துரத்தினாலோ வெயிலில் ஏற்றினாலோ வால் நடுங்கி, தோல் திட்டுத்திட்டாகச் சிவந்து, விறைத்துச் செத்தும் போகும். ஒரு பிரதி மட்டும் உள்ளது சாகாது, ஆனால் இறைச்சி தண்ணீர் விடும் வாய்ப்புக் கூட. பெல்ஜியத்துப் பியெற்ரான் இனத்திலும் சில லான்ட்ரேஸ் வழிகளிலும் இது மிகுதி. இந்த விகாரம் உள்ளவை மெலிந்து தசைப்பிடிப்பாக இருப்பதால், கொழுப்பை மட்டும் பார்த்துத் தேர்பவர் தெரியாமலே இதையும் தேர்ந்துவிடுவார்.

11. எங்கட பன்றியள் ஒருநாளும் நடுங்கிச் சாகேல்ல. அப்ப ஏன் தண்ணி விடுது?

அப்படியென்றால் பெரும்பாலும் காரணம் கையாளுகைதான். பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிர்விக்க இயலாது. வைகாசி முதல் புரட்டாதி வரை வன்னி வெயிலில் மத்தியானம் லொறியில் ஏற்றி, ஏ9 வீதியால் நெடுந்தூரம் கொண்டுபோய், இறக்கின உடனே வெட்டினால் நல்ல பரம்பரைப் பன்றியும் தண்ணீர் விடும்.

ஏற்றுவதை இரவுக்கோ விடியப்புறத்துக்கோ மாற்றுங்கள். வெட்டுவதற்கு 12 மணித்தியாலம் முன்பு தீனை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். இறக்கியபின் இரண்டு மூன்று மணித்தியாலம் நிழலில் விட்டு, தண்ணீர் தெளியுங்கள். வேறு கொட்டில் பன்றிகளோடு கலக்காதீர்கள், சண்டைபிடிக்கும். மயிர் களையும் வெந்நீர் 60 பாகைக்குக் கிட்ட இருக்கட்டும், ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குளிரறை இல்லாத இடத்தில் விடியப்புறம் நாலு மணிக்கு வெட்டி, அரை மணித்தியாலத்துக்குள் குடலை எடுத்து, முதுகைப் பிளந்து காற்றுப் படத் தூக்குங்கள். முழு உடம்பாகக் குவித்து வைத்தால் தொடையின் உட்சூடு இறங்காது.

12. மாறி, இறைச்சி கறுத்து, காஞ்சு, ஒட்டுது. அதுவும் அதே வியாதியோ?

எதிர்ப்பக்கம். நெடுநேரம் பட்டினி, சண்டை, களைப்பு என்று தசையின் சர்க்கரைச் சேமிப்பு முன்பே தீர்ந்துவிட்டால் பிஎச் 6க்குக் கீழே இறங்காது. இதில் பரம்பரைக்குப் பங்கு மிகக் குறைவு. இப்படியான இறைச்சி கெதியில் பழுதாகும், அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

13. கடுவன் இறைச்சி மணக்குது எண்டு ஆக்கள் வாங்கீனமில்லை. மணமில்லாத சாதி இருக்கோ?

மணம் இரண்டு பொருளால். ஒன்று அன்ட்ரொஸ்ரினோன், விதையில் உண்டாவது. அதன் அளவு பரம்பரையில் நன்றாகவே தொடரும், டியூரொக்கில் அதிகம், வெள்ளை இனங்களில் குறைவு. மற்றது ஸ்கற்றோல், குடலில் உண்டாவது. சாணியிலும் சேற்றிலும் புரண்டு கிடக்கும் பன்றியில் ஏறும். இரண்டும் கொழுப்பில் தங்கும். மணம் குறைந்த வழிகளைத் தேர்ந்தெடுக்கலாம், முற்றாக இல்லாத இனம் என்று நம்பி வாங்க வேண்டாம்.

முதற் கிழமையிலேயே நலமடிப்பதுதான் இங்கே நடைமுறைக்கு ஏற்றது. கால்நடை வைத்தியரைக் கொண்டு செய்வியுங்கள். பிந்திச் செய்தால் ஓரிரு மாதம் விட்டே வெட்டலாம். வெட்டியபின் சந்தேகமென்றால் ஒரு துண்டுக் கொழுப்பைச் சூடான தாச்சியில் போட்டு மணந்து பாருங்கள். ஒருவர் மட்டும் மணந்து தீர்ப்புச் சொல்லக்கூடாது: அன்ட்ரொஸ்ரினோனை மணக்கவே இயலாத மூக்கு பலருக்கு உண்டு, அதுவும் பரம்பரைதான். வெட்டுபவருக்கு மணக்காதது சமைப்பவருக்கு மூக்கைப் பிடிக்க வைக்கும்.

14. கொழுப்பு இறுகாமல் எண்ணெய் மாதிரி வழியுது, சில நேரம் மீன் மணம். டியூரொக் கலந்ததாலையோ?

டியூரொக்கைக் குறை சொல்லாதீர்கள், தீன் தொட்டியைப் பாருங்கள். பன்றி தின்னும் எண்ணெயின் தன்மை அப்படியே அதன் கொழுப்பில் படியும். மாட்டின் வயிற்றில் அது மாற்றமடையும், பன்றியில் அப்படியில்லை. காலபோக அறுவடைக்குப் பிறகு தவிடு மலிவென்று அதையே கொட்டினால் கொழுப்பு இளகும். கடைசி இரண்டு மாதத்தில் தவிட்டைத் தீனின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வையுங்கள். தேங்காய்ப் புண்ணாக்கு கொழுப்பை இறுக்கும், மரவள்ளி கொழுப்பை இளக்காது. கரையோரத்தில் மீன் கழிவு போடுபவர்கள் வெட்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே அதை நிறுத்த வேண்டும்.

முதுகு மிகவும் மெலிந்த பன்றியின் கொழுப்பும் கொஞ்சம் இளக்கமாகவே இருக்கும். பரம்பரையின் பங்கு இங்கே அந்த வழியால் வருகிறது.

15. வேற கடுவன் இல்லை. தகப்பனையே மகளுக்கு விட்டால் இறைச்சி கெடுமோ?

இறைச்சி கெடாது. கெடுவது குட்டி எண்ணிக்கையும் உயிர்த்திறனும். தகப்பன் மகள், அண்ணன் தங்கை இரண்டிலும் பிறக்கும் குட்டியின் உட்கலப்பு (உறவுக்குள் சேர்ந்ததன் அளவு) 25 சதவீதம். தகப்பன் மட்டும் ஒன்றானால் 12.5. கூடவே, 10ஆம் கேள்வியின் விகாரத்தைத் தகப்பன் ஒரு பிரதியாக வைத்திருந்தால், மகள்களில் பாதிப்பேரிடம் அது இருக்கும்; அப்படியான மகளுக்கு அவனையே விட்டால் குட்டிகளில் நாலில் ஒன்று இரண்டு கெட்ட பிரதியோடு பிறக்கும். அயலோடு பேசி இரண்டு வருடத்துக்கொருக்கால் கடுவனை மாற்றிக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது ஒரு மாதம் தனிக் கொட்டிலில் வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2024இல் இலங்கைக்குள் வந்தது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் கொட்டிலையே வெறுமையாக்கிவிடும்.

16. காட்டுப்பன்றி வந்து பெட்டையோட சேர்ந்திட்டுது. குட்டியள் கோடு போட்டுக் கிடக்கு. நல்லதோ?

இறைச்சி கருஞ்சிவப்பாக, இறுக்கமாக வரும். சிலருக்கு அது பிடிக்கும். வளர்ச்சி மெதுவு, குட்டி குறைவு, வேலியைத் தாண்டும். வளர்த்து வெட்டலாம், இனப்பெருக்கத்துக்கு வைக்க வேண்டாம். காட்டிலிருந்து நோயும் சேர்ந்து வரும் என்பதுதான் பெரிய கவலை. வேலியை நிலத்துக்குள்ளும் ஒரு முழம் புதையுங்கள்.

17. இறைச்சிக்குள்ள அரிசி மாதிரி வெள்ளைப் புள்ளி. அதுதானே நீங்கள் சொன்ன உட்கொழுப்பு?

இல்லவே இல்லை. உட்கொழுப்பு இழையாக, தசையோடு ஒட்டி இருக்கும். அரிசி அல்லது உளுந்து அளவில், நீர் நிறைந்த பையாக, நெருடினால் தனியே கழன்று வருவது நாடாப்புழுவின் குடம்பி. மனித மலத்தைத் தின்ற பன்றிக்கு வருவது. விற்கவோ தின்னவோ கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கால்நடை வைத்தியருக்கோ காட்டுங்கள்.

18. டிஎன்ஏ சோதனை எண்டு சொல்லுறாங்கள். நாலு பெட்டை வைச்சிருக்கிறவனுக்கு அது தேவையோ?

நாலு பெட்டைக்குத் தேவையில்லை. பல வீடுகளுக்குக் கடுவன் கொடுத்து வாங்கும் ஆளுக்குத் தேவை, அதுவும் கடுவனுக்கு மட்டும். முதலில் பார்க்க வேண்டியது ஹலோதேன் விகாரம். வேரோடு பிடுங்கிய மயிர் போதும். கெட்ட பிரதி ஒன்று இருந்தாலும் அந்தக் கடுவனை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். இரண்டாவது ஐஜிஎஃப்2. ஹம்ஷயர் இனக் கலப்பு என்று சொல்லி விற்றால் மட்டும் அமில இறைச்சிக்கான விகாரத்தையும் கேளுங்கள். தசையில் சர்க்கரைச் சேமிப்பை மிகையாக்கி, வேகும்போது எடையை இழக்கச் செய்யும் அது.

உட்கொழுப்புக்கு இப்படி ஒற்றைச் சோதனை கிடையாது. சின்னச் சின்ன அளவில் பங்களிக்கும் பரம்பரையலகுகள் பல சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அதற்கு 9ஆம் கேள்வியில் சொன்ன குறுக்கு வெட்டும் 7ஆம் கேள்வியில் சொன்ன கொப்பியும்தான். கொப்பியில் குட்டியின் காது இலக்கம், தாய், தகப்பன், வெட்டிய திகதி, உயிர் எடை, மூன்று இடத்துக் கொழுப்பின் சராசரி, குறுக்கு வெட்டில் இழை உண்டா இல்லையா, தண்ணீர் விட்டதா என்று எட்டு நிரல் போடுங்கள்.